பாலஸ்டியர் சாலையில் இருக்கும் அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

போன வாரம் தொலைபேசியில் இரண்டு விஷயங்கள் சொன்னீர்கள். டிசம்பரில் அத்தானோடு பாங்காக் போகிறீர்கள் என்பது ஒன்று. சிங்கப்பூரில் இருபது வருடமாகக் குடியிருந்தும் பாலஸ்டியர் சாலைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரியவில்லை என்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகத்தான் சொன்னீர்கள். ஆனால் இரண்டும் ஒரே கதையைச் சேர்ந்தவை. ஜோசப் பாலஸ்டியர் சிங்கப்பூரில் அமெரிக்காவின் கான்சலாக, அதாவது வணிகத் தூதராக இருந்தவர். 1850இல் சியாம், அதாவது இன்றைய தாய்லாந்தின் அரசரைப் பார்க்கப் போய், பார்க்காமலேயே திரும்பி வந்தவர். அன்று நேரம் இல்லாததால் சொல்ல முடியவில்லை. இப்போது எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

அவர் மனைவி பெயர் மரியா. பாஸ்டனைச் சேர்ந்த பால் ரிவியரின் மகள். அமெரிக்க விடுதலைப் போர் மூண்டபோது ஆங்கிலேயப் படை வருகிறது என்று ஊர் ஊராக இரவில் குதிரையில் போய் எச்சரித்தாரே, அதே ரிவியர்தான். பின்னாளில் அந்தக் குடும்பம் மணி வார்க்கும் பட்டறை நடத்தியது. அங்கே வார்த்த ஒரு மணியை 1843இல் மரியா சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: ஒவ்வோர் இரவும் எட்டு மணி பீரங்கி முழங்கியவுடன் ஐந்து நிமிடம் அந்த மணியை அடிக்க வேண்டும். இன்று உங்கள் அடுக்குமாடி நிற்கும் பகுதியில் அப்போது அவர் கணவரின் கரும்புத் தோட்டம் இருந்தது. அடுத்த வருடமே அவர்களுடைய மகன் இறந்துபோனான். 1847இல் மரியாவும் போய்ச் சேர்ந்தார். தோட்டமும் நொடித்துக் கைவிட்டுப் போனது. சியாமுக்குக் கப்பல் ஏறியபோது பாலஸ்டியர் எல்லாவற்றையும் இழந்த மனிதர். அவரைப் பற்றி என்ன எழுதினாலும் இதை மறந்துவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

அவர் ஏன் போனார் என்று புரிய, அவருக்கு முன்னால் போன ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அமெரிக்கா ஆசியாவுக்குள் வந்த கதையை எல்லோரும் ஜப்பானில் இருந்து தொடங்குகிறார்கள். அமெரிக்கக் கடற்படைத் தளபதி கமடோர் பெரி, கறுப்புக் கப்பல்கள், 1853, 1854 என்று. அதற்கு இருபது வருடம் முன்பே, 1833 மார்ச் 20 அன்று, பாங்காக்கில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. ஆசிய நாடு ஒன்றோடு அமெரிக்கா செய்துகொண்ட முதல் உடன்படிக்கை அதுதான். செய்தவர் எட்மண்ட் ராபர்ட்ஸ். நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தைச் சேர்ந்த வணிகர். தொழிலில் பெருநஷ்டம் கண்டவர். அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் அவரை ரகசியமாக அனுப்பினார். 'பீகாக்' போர்க்கப்பலின் பதிவேட்டில் அவர் கேப்டனின் எழுத்தர் மட்டுமே.

சியாமுக்கு முன் அவர் வியட்நாமில் கரை இறங்கப் பார்த்தார். அங்கே அதிகாரிகள் விடாமல் கேட்டது, உன் பட்டங்கள் என்ன என்பதுதான். பட்டம் இல்லாத ஒருவன் எப்படி ஓர் அரசின் தூதனாக இருக்க முடியும் என்பது அவர்கள் சந்தேகம். ராபர்ட்ஸ் தன் பெயரைச் சொல்லி, தான் நியூ ஹாம்ப்ஷயர் போர்ட்ஸ்மவுத்தின் குடிமகன் என்று சொல்லி, பிறகு அந்த மாநிலத்தின் மாவட்டங்களை, ஊர்களை, மலைகளை, ஆறுகளை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினார். எழுதிக்கொண்டிருந்தவருக்குத் தாள் நிறைந்து தலைவலியே வந்துவிட்டது. ஆனாலும் காரியம் ஆகவில்லை. வெறுங்கையோடு கப்பலைத் திருப்பிக்கொண்டு சியாமுக்குப் போனார்.

சியாமில் அப்போது மூன்றாம் ராமாவின் ஆட்சி. கருவூலத்தையும் வெளிநாட்டு வணிகத்தையும் கவனித்தவர் பிரா கிளாங் என்ற பதவியில் இருந்த டிட் புன்னாக். ராபர்ட்ஸ் போனது பிப்ரவரியில்; ஒரு மாதத்துக்குள் பேச்சு முடிந்தது. உடன்படிக்கையின் வாசகத்தை வாசிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு நெகிழும். இரு நாட்டாரும் வானமும் பூமியும் உள்ளவரை நேர்மையோடு வணிகம் செய்வார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. சியாமியருக்கு ஆங்கிலம் தெரியாது, அமெரிக்கருக்குச் சியாம் மொழி தெரியாது. அதனால் இரு மொழிப் பிரதிகளோடு போர்த்துகீசிய மொழிபெயர்ப்பு ஒன்றையும் சீன மொழிபெயர்ப்பு ஒன்றையும் சேர்த்துத் தைத்தார்கள். உனக்கு என் மொழி தெரியாது, எனக்கு உன் மொழி தெரியாது என்று இரண்டு அரசுகள் கூச்சமில்லாமல் எழுதிவைத்த பத்திரம் அது.

அதன் ஒன்பதாம் பிரிவை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அக்கா. சியாமுக்கு வணிகம் செய்ய வரும் அமெரிக்கர்கள் அந்நாட்டின் சட்டங்களையும் வழக்கங்களையும் எல்லா வகையிலும் மதித்து நடக்க வேண்டும் என்கிறது அது. வந்த வீட்டில் வீட்டுக்காரர் சொல்படி நடப்பது. இனி நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு வரி தொலைந்துபோன கதையும் திரும்பக் கிடைத்த கதையும்தான்.

ராபர்ட்ஸ் 1836இல் இரு நாட்டு ஒப்புதல் பத்திரங்களையும் மாற்றிக்கொள்ள மறுபடி பாங்காக் வந்தார். அந்த வேலை நல்லபடியாக முடிந்தது. ஆனால் கப்பலில் நோய் புகுந்துவிட்டது. ஜூன் 12 அன்று சீனக் கரையில் இருக்கும் மக்காவ் நகரில் இறந்தார். அங்குள்ள பழைய புராட்டஸ்டண்ட் கல்லறையில்தான் அவரைப் புதைத்திருக்கிறார்கள்.

உடன்படிக்கை இருந்தும் வணிகம் பெரிதாக வளரவில்லை. சியாமின் வரிகள் கடுமை என்று அமெரிக்கர்கள் முணுமுணுத்தார்கள். கப்பலின் அகலத்தை அளந்து, ஒரு சியாம் பாகத்துக்கு (இரு கைகளையும் விரித்த நீளம்) 1,700 டிக்கல் (சியாமின் அந்நாள் நாணயம்) என்று வரி வாங்கினார்கள். இதைத் திருத்திக்கொண்டு வரத்தான் பாலஸ்டியரை அனுப்பினார்கள். அதிபரின் கடிதத்தை அரசரின் கையிலேயே கொடுப்பேன் என்று அவர் நின்றார். முதலில் எங்களிடம் கொடுங்கள் என்றார்கள் அமைச்சர்கள். முதிய அரசர் வெளிநாட்டாருக்கு மேலும் இடம் கொடுக்க விரும்பவில்லை. பேச்சு தடித்தது. கடிதத்தைக் கொடுக்காமலேயே பாலஸ்டியர் கப்பல் ஏறினார். அதே ஆண்டு ஆங்கிலேயர் சார்பில் போன ஜேம்ஸ் புரூக்கும் அப்படியே திரும்பினார். ஆகவே தோல்வி முழுவதையும் பாலஸ்டியர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

அடுத்த ஆண்டே மூன்றாம் ராமா மறைந்தார். 27 வருடம் துறவியாக இருந்த அவருடைய தம்பி மோங்குட் அரியணை ஏறினார். துறவியாக இருந்த காலத்தில் ஜெஸ்ஸி காஸ்வெல் என்ற அமெரிக்க மிஷனரியிடம் ஆங்கிலம் கற்றவர். கற்பித்ததற்குக் கைமாறாக, காஸ்வெல் தன் மதத்தைப் போதிக்க மடத்துக்குள்ளேயே ஓர் அறையைக் கொடுத்தார் அந்தப் பௌத்தத் துறவி. ஆசிரியர் இறந்துபோன பின் அவர் மனைவிக்குப் பணமும் அனுப்பினார்.

அப்படிப்பட்டவரிடம்தான் 1856இல் அமெரிக்கத் தூதர் டவுன்செண்ட் ஹாரிஸ் வந்தார். முந்தைய வருடம் ஆங்கிலேயர் பௌரிங் சியாமோடு ஓர் ஒப்பந்தம் செய்திருந்தார். ஹாரிஸ் அதே அச்சில் ஒன்றை வார்த்துக்கொண்டார். மே 29 அன்று கையெழுத்தானது. இறக்குமதி வரி நூற்றுக்கு மூன்றுக்கு மேல் போகக்கூடாது. அமெரிக்கர் ஒருவர் சியாமில் குற்றம் செய்தால் அவரைச் சியாம் நீதிமன்றம் விசாரிக்க முடியாது. அமெரிக்கக் கான்சல்தான் நீதிபதி. ராபர்ட்ஸ் ஏற்றுக்கொண்ட ஒன்பதாம் பிரிவு அன்றோடு போனது. சில வாரம் காக்கவைத்ததற்கே ஹாரிஸ் தன் நாட்குறிப்பில் கொதித்திருக்கிறார்: இரண்டு மூன்று போர்க்கப்பல்களை நேராகப் பாங்காக் வரை ஓட்டிவந்து பீரங்கி முழக்கினால், வாரக்கணக்கில் ஆன வேலை நாள்கணக்கில் முடியும் என்று. இதை வாசித்ததும் எனக்கு ஏற்பட்ட கோபம் இன்னும் ஆறவில்லை. மோங்குட் ஏன் சம்மதித்தார்? பக்கத்தில் பர்மாவுக்கும் அந்தப் பக்கம் சீனாவுக்கும் என்ன ஆனது என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நாட்டைக் காப்பாற்ற நீதிமன்றத்தை விட்டுக்கொடுத்தார்.

யானைக் கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத் தப்பாகவே சொல்லிவருகிறார்கள். உள்நாட்டுப் போரில் லிங்கனுக்கு உதவ சியாம் அரசர் போர் யானைகள் தருவதாகச் சொன்னார் என்பார்கள். மோங்குட் கடிதம் எழுதியது 1861 பிப்ரவரி 14 அன்று. போர் தொடங்கியது ஏப்ரலில். புதிய அதிபர் யார் என்றுகூட அவருக்குத் தெரியாது. அமெரிக்காவில் யானையே கிடையாது என்று ஓர் அமெரிக்கக் கப்பல் தலைவர் சொல்லக் கேட்டிருக்கிறார். இளம் யானைகளை ஜோடி ஜோடியாக அனுப்புகிறேன், குளிர் படாத காடுகளில் விடுங்கள், பெருகும், பிறகு பிடித்துப் பழக்கிச் சுமை தூக்கவும் பாதையில்லாத காடுகளில் போகவும் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினார். கப்பலில் வைக்கோலும் தண்ணீரும் தயாராக வேண்டும் என்பதைக்கூட விடவில்லை. ஒரு விவசாயி பக்கத்து ஊர்க்காரருக்குக் கன்றுக்குட்டி கொடுப்பது போன்ற அக்கறை அதில் இருக்கிறது. கூடவே ஒரு வாள், தன் மகளோடு எடுத்துக்கொண்ட புகைப்படம், ஒரு ஜோடி தந்தம்.

பதில் எழுதும்போது லிங்கனின் நாடு பற்றி எரிந்துகொண்டிருந்தது. 1862 பிப்ரவரி 3 தேதியிட்ட அந்தப் பதில் 'மகத்தான நல்ல நண்பரே' என்று தொடங்குகிறது. எங்கள் நாட்டுத் தட்பவெப்பம் யானை பெருக ஏற்றதல்ல, நிலத்திலும் நீரிலும் நீராவியே எங்களுக்குப் போக்குவரத்து என்று பணிவாக மறுத்திருக்கிறார். பரிசுகள் தனக்கு அல்ல, மக்களுக்கு என்று நாட்டின் காப்பகத்தில் சேர்த்தார்.

தொலைந்த ஒன்பதாம் பிரிவு திரும்பியது 1920 டிசம்பரில். முதல் உலகப் போரில் நேச நாடுகள் பக்கம் நின்ற சியாம், தன் நீதிமன்றத்தையும் வரி விதிக்கும் உரிமையையும் திருப்பிக் கேட்டது. அமெரிக்கா சம்மதித்தது. ஆனால் வரி உரிமைக்கு ஒரு முடிச்சு: மற்ற நாடுகளும் சம்மதிக்க வேண்டும். அவை எளிதில் விடுமா? அந்த வேலையை எடுத்துக்கொண்டவர் பிரான்சிஸ் சேயர். ஹார்வர்டின் சட்டப் பேராசிரியர், அதிபர் உட்ரோ வில்சனின் மருமகன், சியாம் அரசின் வெளியுறவு ஆலோசகர். 1924இல் ஐரோப்பாவுக்குப் போய் ஒவ்வொரு தலைநகராக ஏறி இறங்கினார். அவர் அமர்ந்தது சியாமின் பக்கத்து நாற்காலியில். சில மாதங்களில் பிரான்ஸ், பிரிட்டன் உட்பட எல்லோரும் புதிய ஒப்பந்தங்களுக்கு இறங்கிவந்தார்கள். இந்த வரலாற்றில் வரும் அமெரிக்கர்களில் ராபர்ட்ஸுக்கு அடுத்து என் மனதுக்கு நெருக்கமானவர் சேயர்தான். அரசர் அவருக்குப் பிரயா கல்யாண மைத்ரி என்று பட்டம் கொடுத்தார். கல்யாணம், மைத்ரி இரண்டும் நமக்குத் தெரிந்த சொற்கள்தானே, நல்ல நட்பு.

அந்த நட்புக்குச் சோதனை 1942இல் வந்தது. ஜப்பானோடு சேர்ந்துகொண்ட தாய்லாந்துப் பிரதமர் பிபுனின் அரசு ஜனவரி 25 அன்று அமெரிக்கா மீதும் பிரிட்டன் மீதும் போர் அறிவித்தது. வாஷிங்டனில் இருந்த தாய்லாந்துத் தூதர் சேனி பிரமோஜ் அந்தப் போர்ப் பிரகடனத்தை ஏற்கவில்லை; அதை அமெரிக்க அரசிடம் கொண்டுபோய்க் கொடுக்கவுமில்லை. அங்கே படித்துக்கொண்டிருந்த தாய் மாணவர்களைத் திரட்டிச் சுதந்திரத் தாய் இயக்கத்தைத் தொடங்கினார். அமெரிக்காவும் பதிலுக்குப் போர் அறிவிக்கவில்லை. போர் முடிந்ததும் பிரிட்டன் தாய்லாந்திடம் 15 லட்சம் டன் அரிசியை விலையில்லாமல் கேட்டபோது, மற்ற கடுமையான நிபந்தனைகள் தளர அமெரிக்கா குறுக்கே நின்றது. அந்த ஒப்பந்தம் 1946 ஜனவரி 1 அன்று கையெழுத்தானது உங்கள் சிங்கப்பூரில்தான்.

ஆனால் சேனியின் துணிச்சலால் காப்பாற்ற முடியாதவர்களும் உண்டு. உங்கள் பயணத் திட்டத்தில் காஞ்சனபுரி இருக்கிறது என்றீர்கள். போரின்போது கைதிகளையும் கூலிகளையும் வைத்து ஜப்பானியர் பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை அங்கேதான் இருக்கிறது. அந்தப் பாதையில் வெள்ளைக்காரக் கைதிகளின் கல்லறைகளை வரிசை வரிசையாகக் காட்டுவார்கள். மலாயாத் தோட்டங்களில் இருந்து கொண்டுபோன நம் தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் அங்கே மடிந்தார்கள். பெயர் பொறித்த கல் அவர்களுக்குக் கிடையாது. பாதையில் எங்காவது ஒரு நிமிடம் நில்லுங்கள்.

அதற்குப் பின்னான காலத்தை நீங்களே செய்தியில் படித்திருப்பீர்கள். வியட்நாம் போரில் உடோன், கோராட், ஊ தபாவ் விமானத் தளங்களில் சுமார் 50,000 அமெரிக்கப் படையினர் வரை இருந்தார்கள். 1976இல் வெளியேறினார்கள். அப்போது பணமும் வந்தது, சாலைகளும் வந்தன. அந்தப் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் தூதரைவிடத் தளபதியின் பேச்சுக்குத்தான் மதிப்பு. அதைப் பற்றி விரிவாக எழுத எனக்கு விருப்பமில்லை.

பாங்காக்கில் பெரிய அரண்மனையைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது சரண்ரோம் பூங்காப் பக்கம் நடந்து பாருங்கள். அங்கே கல்யாண மைத்ரி சாலை என்று பெயர்ப்பலகை இருக்கும். அத்தானுக்குக் கால் வலி இருந்தால் ஆட்டோ போல ஓடும் டுக் டுக்கில் போகலாம். சிங்கப்பூருக்குத் திரும்பியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டாம்ஃபோர்டு சாலைத் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். மரியாவின் மணி இப்போது அந்த அருங்காட்சியகத்தின் சொத்து. இரண்டு இடத்திலும் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி