கானுக்குக் காசு தந்தவர்களுக்கு

அன்புள்ள டவுன் ஆட்களுக்கும், டவுனுக்கு மேலேயும் கீழேயும் உள்ள தோட்டத்துச் சொந்தங்களுக்கும் வணக்கம்.

வீதி வேலை முடிந்து மூன்று மாதம் ஆகிறது, நன்றி சொல்ல இவ்வளவு நாளா என்று கேட்பீர்கள். ஒக்டோபர் மழையைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவது என்று பிடிவாதமாக இருந்தேன். வெயிலில் எல்லா ரோட்டும் நல்ல ரோட்டுதான். போன கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பிடித்த இடிமழை ஆறு மணி வரைக்கும் விடவில்லை. நான் குடையைப் பிடித்துக்கொண்டு கடை வாசலிலேயே நின்றேன். தண்ணீர் கானுக்குள், அதாவது ரோட்டோர வடிகாலுக்குள், சிலாப்புக்குக் கீழே சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. ரோட்டில் ஏறவில்லை, என் கடைக்குள்ளும் வரவில்லை. இருபத்திரண்டு வருடமாக மழைக்காலம் வந்தால் போட்டோகொப்பி மெஷினை நாலு செங்கல் மேல் தூக்கி வைத்துப் பிழைத்தவன் நான். அன்றைக்கு ராத்திரி அந்தச் செங்கல் நாலையும் எடுத்துப் பின்பக்கம் போட்டேன். அதனால் இப்போது எழுதலாம்.

திறப்பு விழாப் பலகையில் பெயர் வந்தவர்களுக்கு அன்றைக்கே மாலை போட்டு மைக்கில் நன்றியும் சொல்லியாயிற்று. அவர்களும் செய்தார்கள்தான், குறையில்லை. இது பலகையில் ஏறாதவர்களுக்கு. சரியாகச் சொன்னால், கானுக்குக் காசு தந்தவர்களுக்கு.

பெட்ரோல் ஷெட்டிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் உள்ள அந்தத் துண்டுதான் நம் டவுனின் வாசல். அவிசாவளை, கினிகத்தேனை என்று ஏறி வருகிற கொழும்பு ஆளும், டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குப் போகிற கூட்டமும், சம்பள நாளில் சாமான் வாங்க இறங்குகிற தோட்டத்து ஆட்களும் முதலில் மிதிப்பது அதைத்தான். ஒவ்வொரு சீசனுக்கும் முன்னால் அதற்கு என்ன செய்தோம்? குழியில் கல்லும் மண்ணும் கொட்டி மேலே தாரைப் பூசினோம். அடுத்த மே மாதத்து மழையில் அது போய்விடும். அப்புறம் கொந்தராத்துக்காரனைத் திட்டுவோம். நம் பக்கம் ரோட்டை உடைப்பது லொறி இல்லை, தண்ணீர். இலங்கையிலேயே அதிகம் மழை விழுகிற இடங்களில் ஒன்றான வட்டவளை நமக்குப் பக்கத்து வீடு மாதிரி. அப்படிப்பட்ட ஊரில் கான் அடைத்துக் கிடந்தால் தண்ணீர் ரோட்டில்தான் நிற்கும், வெடிப்பு வழியே இறங்கி அடியில் உள்ள கல் படுக்கையைச் சேறாக்கும், பிறகு கொழுந்து லொறி ஒன்று ஏறினால் போதும், அப்பளம்தான். இதை எங்களுக்குப் பொறுமையாக, கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவர் ஒரு டீ.ஓ., தொழில்நுட்ப உத்தியோகத்தர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. சேர், உங்கள் படம் இன்னும் என் கடைச் சுவரில் இருக்கிறது.

படம் புரிந்தது, எஸ்டிமேட்டைப் பார்த்துத்தான் தலை சுற்றியது. பாதிக்கு மேல் மண்ணுக்குள் போகிற காசு. கான் தோண்ட, மதகு மாற்ற, தண்ணீர்க் குழாயை நகர்த்த, கம்பங்களைப் பின்னால் தள்ள. இதெல்லாம் முடிந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிற நடைபாதையும் விளக்கும். வரிசை மாறக் கூடாது. காப்பெட் தார் போட்ட மறுமாதமே குழாய்க்காக அதை வெட்டிய கதை எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆனால் மண்ணுக்குள் போகிற காசை யாரிடம் கேட்பது? ஏ தர வீதி என்றபடியால் தார் வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையது, குழாய் நீர் வழங்கல் சபையினுடையது, கம்பம் மின்சார சபையினுடையது. பொது வீதியில் நாம் நினைத்தபடி கடப்பாரை வைக்கவும் முடியாது, ஒவ்வொன்றுக்கும் அனுமதிக் கடிதம் வேண்டும். இதில் 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலமும் முடிந்துபோனது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடையில் இரண்டு வருடம், போய்ச் சண்டை பிடிக்கக்கூட ஓர் உறுப்பினர் இல்லை. ஒருவேளை அதுதான் நல்லதாய்ப் போனதோ என்று இப்போது நினைக்கிறேன். கேட்க ஆள் இல்லாதபோதுதான் நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் கேட்கத் தொடங்கினோம்.

நாங்கள் உண்டியல் தூக்கிய முதல் மாதம் வந்த பதில்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வசதியான ஒருவர், டவுன் வாசலில் தன் அப்பா பெயரில் வரவேற்பு வளைவு கட்டித் தருவதாகச் சொன்னார், முழுச் செலவும் அவருடையது. இன்னொருவர் சோலார் விளக்கு, கம்பத்துக்குக் கம்பம் பெயர்த் தகடோடு. மூன்றாவது ஆள் சீமெந்து வாங்கு தருவதாகச் சொன்னார், உட்காருகிற இடத்திலேயே பெயர் செதுக்கி. கானுக்கு என்றால் எல்லாரும் சிரித்தார்கள். கானில் எங்கே பெயர் போடுவது? நியாயம்தான். ஆனால் வளைவை மட்டும் கட்டியிருந்தால் யாத்திரைக்காரர் அலங்கார வளைவுக்குள் நுழைந்து முழங்கால் தண்ணீரில் இறங்கியிருப்பார்.

அப்போதுதான் மேல்தோட்டத்து அக்கா ஒருவர் கடைக்கு வந்தார். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் கொப்பி எடுக்க வந்தவர். காசைக் கொடுத்துவிட்டு, கைக்குட்டையில் முடிந்திருந்த 1,350 ரூபாயை எடுத்து மேசையில் வைத்தார். அப்போதைய நாட்சம்பளம், அப்படியே எண்ணி. "கானுக்குத்தானே கேக்குறீங்க? எம் புள்ள அந்தத் தண்ணியில நடந்துதான் பள்ளிக்கொடம் போவுது" என்றார். பற்றுச்சீட்டு எழுதும்போது என் கை சரியாக ஓடவில்லை. அக்கா, உங்கள் பற்றுச்சீட்டு இலக்கம் 1. கொப்பி காசையும் உங்களிடம் வாங்கிவிட்டேனே என்று அப்புறம்தான் உறைத்தது. அடுத்த தடவை வாருங்கள், கணக்குத் தீர்ப்போம்.

இந்தக் கதையை நான் கடைக்கடையாகச் சொன்னேன், வெட்கமில்லாமல் சொன்னேன். அது வேலை செய்தது. ஆட்டோத் தரிப்பிடத்துத் தம்பிமார் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை முழுதாகத் தந்தார்கள். புடவைக்கடை நானா தொகையைச் சொல்லக் கூடாது என்று அல்லாஹ் மேல் ஆணை வாங்கிக்கொண்டார், அதனால் சொல்லவில்லை, ஆனால் இரண்டு மதகு அவருடையது. கோயில் பரிபாலன சபை தேர்த் திருவிழாவில் மிஞ்சியதைத் தந்தது. பன்சலை பெரிய ஹாமதுரு, அதாவது பௌத்த விகாரையின் பெரிய பிக்கு, காசு தரவில்லை, எங்கள் அனுமதிக் கடிதம் நாலு மாதம் ஒரு மேசையில் தூங்கியபோது நேரில் போய் அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். எந்தக் கந்தோர் என்று எழுத மாட்டேன். அன்றைக்குப் பின்னேரமே கையெழுத்து வந்தது. கட்டாரிலும் துபாயிலும் உள்ள நம் பிள்ளைகள் அனுப்பியது தனி. கொழும்பில் புறக்கோட்டைக் கடைகளில் நிற்கிற பையன்கள் அனுப்பியது சின்னத் தொகைகள்தான், ஆனால் அவை மாதாமாதம் தவறாமல் வந்தன. பெரிய தொகை ஒரு தடவையோடு நின்றுவிடும். வேலையை நிற்காமல் ஓட்டியது அந்தச் சின்னத் தொகைகள்.

இன்னொரு கூட்டத்துக்கும் நன்றி சொல்ல வேண்டும், அவர்களுக்கு நன்றி என்றால் சிரிப்பு வரும்: வீட்டுக்கும் கடைக்கும் சபைக்குக் கட்ட வேண்டிய சோலைவரியின் நிலுவையைக் கட்டியவர்கள். உள்ளூராட்சி சபைக்குப் போய் இயந்திரமும் ஆட்களும் கேட்டபோது செயலாளர் நிலுவைப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். அதில் என் கடை இருந்தது. உண்டியல் தூக்கிய எங்கள் கூட்டத்துத் தலைவர் கடையும் இருந்தது. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்து முதலில் அதைக் கட்டினோம். பிறகு வீடு வீடாகப் போனோம்: ஜனவரி 31க்குள் வருடத்துக்கு உரியதை மொத்தமாகக் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு இருக்கிறது, பலருக்கு அதுவே தெரியாது. நன்கொடை தந்தால் கை தட்டுகிறோம், வரி கட்டினவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மண் தோண்டுகிற பெக்கோ வந்ததும் கானுக்கான ஹியூம் பைப் வந்ததும் அந்த வரிக் காசில்தான்.

காசை விடப் பெரிய விஷயம் இடம். நடைபாதைக்கு அகலம் வேண்டும் என்றால் கடைகள் முன்னால் நீட்டியிருந்த படி, தகரம், சாமான் மேசை எல்லாம் பின்னால் போக வேண்டும். இரண்டடி. கேட்க இரண்டடிதான், டவுனில் இரண்டடிக்காக அண்ணன் தம்பி பேச்சு நின்ற குடும்பங்கள் இருக்கின்றன. கூட்டத்தில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையில் டங் டங் என்று சத்தம் கேட்டது. ஹார்ட்வெயார் ஐயா, எழுபது வயது மனிதர், தன் கடைப் படியைத் தானே சம்மட்டியால் உடைத்துக்கொண்டிருந்தார். யாரையும் பார்க்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. மதியத்துக்குள் எதிர்ப்பக்கத்து பேக்கரி முதலாளியும் தொடங்கிவிட்டார், சிங்களத்தில் எதையோ முணுமுணுத்தபடி. அது வாழ்த்து இல்லை என்று மட்டும் எனக்குப் புரிந்தது. அந்தக் கிழமைக்குள் வரிசை முழுக்க உடைந்தது. நடைபாதையில் மரக்கறி விற்ற அக்காமார் வேலை நடந்த மாதங்களில் பஸ் ஸ்டாண்டின் பின்பக்கம் போய் நின்று பாதி வியாபாரத்தை இழந்தார்கள். அவர்களுக்குப் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே கோடு போட்டுக் கொடுத்திருக்கிறது. அதை மறக்காமல் செய்தவர்களுக்கும் நன்றி.

தோண்டியபோது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மேல்தோட்டத்து ரோட் வந்து சேருகிற முக்கில், ஆறடி சேற்றுக்குக் கீழே, கருங்கல்லில் கட்டிய பழைய கான் ஒன்று முழுசாக வந்தது. 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ரயில் ஏறிய காலத்துக் கட்டுமானமாக இருக்கலாம் என்று மேசன் பாஸ் சொன்னார், எனக்குத் தெரியாது. ஒரு கல் அசையவில்லை. வெள்ளைக்காரன் கட்டினான் என்று ஒருத்தர் பெருமைப்பட, "கல்லச் சுமந்தது யாரு?" என்று குழிக்குள்ளிருந்து ஒரு குரல். பேச்சு அதோடு நின்றது. புதுக் கானை அந்தப் பழைய கானோடு சேர்த்துத்தான் ஓயா ஆற்றுக்கு விட்டிருக்கிறோம்.

அந்த முக்கில் சேறு சேர்ந்ததற்குக் காரணம் மேலேயுள்ள தோட்டத்து ரோட். கீழே எவ்வளவு நல்ல கான் கட்டினாலும் மேலேயிருந்து மண் வந்தால் ஒரே மழையில் நிரம்பிவிடும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தைக் காட்டி, தோட்டத்து ரோட்டில் சபைக் காசு போட முடியாது என்றே முப்பது வருடம் பதில் வந்தது. 2018இல் சட்டத்தைத் திருத்தினார்கள், ஆனால் சட்டம் திருந்தினால் ரோட் தானாகத் திருந்துமா? தோட்டத்துத் தலைவர் ஆட்களைக் கூட்டி மூன்று சனிக்கிழமை சிரமதானம் செய்து, ரோட்டோரம் கல் அடுக்கி, மண் தேங்கக் குழி வெட்டினார். டவுன் எல்லைக்கு வெளியே இருக்கிறவர்கள், டவுன் வீதிக்காக. தலைவரே, உங்கள் ஆட்களுக்கு அன்றைக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் பத்தாமல் போனது, அதை நான் மறக்கவில்லை.

பிழைகளும் உண்டு, கணக்குப்பிள்ளை மறைக்கக் கூடாது. சீமெந்து விலை 2022இல் ஏறிய பயத்தில் நான் முன்கூட்டியே வாங்கி அடுக்கியதில் பதினொரு மூட்டை மழை ஈரம் பிடித்துக் கல்லாய்ப் போனது. அது என் கைக்காசில் கழிந்தது. பஸ் ஸ்டாண்ட் முன்னால் போட்ட சிலாப் இரண்டு மாதத்தில் வெடித்தது. மேசன் பாஸ் கூலி வாங்காமல் திரும்பப் போட்டுத் தந்தார். பாடசாலைக்கு முன்னால் மஞ்சள் கடவை இன்னும் கொஞ்சம் மேலே வந்திருக்க வேண்டும் என்று அதிபர் சொல்வது சரிதான், அதற்குக் கடிதம் போட்டிருக்கிறது.

கணக்குப் புத்தகம் என் கடையில் இருக்கிறது, பற்றுச்சீட்டு அடிக்கட்டையோடு. யாரும் வந்து பார்க்கலாம், கொப்பியும் எடுக்கலாம், அதற்குக் காசில்லை. மிச்சக் காசு மூன்று பேர் கையெழுத்துக் கணக்கில் அப்படியே கிடக்கிறது, கான் துப்பரவுக்கு மட்டும்தான் எடுப்போம். சிலாப் தூக்குகிற இரும்புக் கம்பி இரண்டும் பேக்கரி முதலாளியிடம். சீசன் தொடங்குமுன் நவம்பர் கடைசிச் சனிக்கிழமை காலை ஆறரைக்குப் பெட்ரோல் ஷெட் பக்கத்திலிருந்து திறக்கத் தொடங்குகிறோம். சோறு சுற்றுகிற லன்ச் ஷீட் கானுக்குள்ளிருந்து எவ்வளவு வருகிறது என்று பார்ப்போம். பூட்ஸ் உள்ளவர்கள் போட்டுக்கொண்டு வாருங்கள், பிளேன்டீ என் பொறுப்பு.

இப்படிக்கு,
உண்டியல் தூக்கியவன்,
போட்டோகொப்பிக் கடையிலிருந்து