கேம் ஷாஃப்ட்டைக் கழற்றும் முன்

அன்பு பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

நீ அனுப்பிய இன்ஜின் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கேமைச் சுற்றும் டைமிங் செயின், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எல்லாம் கழற்றி ஒழுங்காக வைத்திருக்கிறாய். செயினை எடுக்கும் முன்பே ஃபீலர் கேஜ் தகடு விட்டு, கேமுக்கும் டாப்பெட்டுக்கும் நடுவே உள்ள 16 வால்வு இடைவெளியையும் எழுதி வைத்திருப்பாய் என்று நம்புகிறேன். கேம் வெளியே வந்த பிறகு அந்தக் கணக்கு கிடைக்காது.

நாளைக்குக் கேம் கேப்பில், அதாவது வால்வைத் திறக்கும் கேம் தண்டை இன்ஜின் ஹெட்டோடு பிடித்திருக்கும் மூடிகளில், கை வைக்கப் போகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு அப்போது 19 வயது. ஒரு ஓரத்தில் இருந்த இரண்டு கேப்பை முழுசாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனேன். 'டங்' என்று ஒரு சத்தம். கேம் இரண்டு துண்டு. கேமில் மேடாக இருக்கும் லோப் எங்கெல்லாம் வால்வை அழுத்திக்கொண்டிருக்கிறதோ, அங்கெல்லாம் வால்வு ஸ்பிரிங் கேமை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் பிடி விட்டால் பாரம் முழுக்க மறுபக்கம் போகும். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். மேஸ்திரி ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் எந்தப் போல்ட்டையும் ஒரே மூச்சில் கழற்றாதே. கால் சுற்று, அடுத்தது, அப்புறம் அடுத்தது. பெரும்பாலும் இரண்டு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கி வர வேண்டும். ஆனால் உன் இன்ஜின் மேனுவலில் என்ன வரிசை போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. நாலைந்து சுற்று போன பின் போல்ட் விரலுக்கே இளகும். அதுவரை பொறுமை.

கேப்பில் எண்ணும் அம்புக்குறியும் இருக்கும். கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள். ஹெட்டோடு சேர்த்துக் கடைந்தவை அவை, இடம் மாறினால் கேம் இறுகிவிடும். கேமுக்கும் வால்வுக்கும் நடுவே உட்காரும் டாப்பெட்டுகளை வரிசையாக வைக்க முட்டை அட்டைதான் சரி. பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும், தடிமனில் மயிரிழை வித்தியாசம். குழிக்குப் பக்கத்தில் பேனாவால் சிலிண்டர் எண்ணை எழுது. எண்ணெய்ப் பிசுக்கில் டாப்பெட் ஒட்டிக்கொண்டால் காந்தம் வைத்து எடு, இடுக்கி வேண்டாம்.

போல்ட்டை இளக்கும்போது போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வை. நான் எதுவும் பேச மாட்டேன். சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா