இளம்பிள்ளை அம்மாயிக்கும் எங்களைக் கரை சேர்த்த அனைவருக்கும்

ஏற்காட்டிலும் சேலத்திலும் எங்களுக்காக ஓடியவர்கள், பணம் புரட்டியவர்கள், சேர்வராயன் கோயிலில் வேண்டிக்கொண்டவர்கள் அனைவருக்கும் வணக்கம். என் குறைமாதப் பிரசவத்தின்போது அன்றிரவு நடந்தது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுதும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை. நானும் என் மகனும் வீடு வந்து சேர்ந்துவிட்டோம். பச்சை உடம்போடு உட்கார்ந்து எழுதாதே, தேறிய பிறகு எழுதலாம் என்று வீட்டில் எவ்வளவோ சொன்னார்கள். நன்றி சொல்வதைத் தள்ளிப்போட எனக்கு மனம் ஒப்பவில்லை.

எஸ்டேட் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஏற்காடு ஒண்டிக்கடை வரை என்னைக் கொண்டுவந்து சேர்த்த அண்ணனுக்கும், எதிரில் வரும் வண்டி தெரியாத பனிமூட்டத்தில் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் உடம்பு அலுங்காமல் இறக்கிய 108 ஓட்டுநருக்கும், வழிநெடுக என்னோடு பேசிக்கொண்டே வந்து என் நினைவு தப்பாமல் பார்த்துக்கொண்ட அவ்வண்டியின் மருத்துவ உதவியாளருக்கும், கேட்ட மாத்திரத்தில் வந்து இரத்தம் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மருத்துவர்கள், செவிலியர்கள், தூய்மைப் பணியாளர்கள் அனைவருக்கும் என் குடும்பம் காலமெல்லாம் கடமைப்பட்டிருக்கிறது. மாதாமாதம் எங்கள் வீட்டு மேடேறி வந்து இரத்த அழுத்தம் பார்த்து, கால் வீக்கத்தைக் கவனித்து, நாள் நெருங்கும் முன்பே எச்சரித்த கிராம சுகாதாரச் செவிலியரையும் இங்கே கைகூப்பி நினைக்கிறேன்.

உங்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும், அல்லது விசாரித்துத் தெரிந்துகொள்ள முடியும். நான் விரிவாக எழுத வந்தது, பெயரும் தெரியாத ஒருவரைப் பற்றி.

பிரசவத்துக்குப் பிந்தைய வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்கு அறுவை சிகிச்சையில் மகள் பிறந்திருந்தாள். அந்தப் பெண்ணின் தாயார், இளம்பிள்ளைப் பக்கத்தில் தறி ஓட்டும் குடும்பத்தைச் சேர்ந்தவர். வார்டுக்குள் ஆண்களை இரவில் அனுமதிப்பதில்லை. என் மாமியாருக்குக் காய்ச்சல் கண்டிருந்ததால் அவரும் உள்ளே வர முடியவில்லை. என் கணவர் வெளியே வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். குழந்தையோ பச்சிளங்குழந்தைகள் பிரிவில் இருந்தான். பிள்ளை பெற்றும் மடியில் பிள்ளையில்லாமல், துணைக்கும் ஆளில்லாமல் நான் கிடந்தேன்.

என் மகன் 34 வாரம் நிறையும் முன்பே பிறந்துவிட்டவன். அந்தப் பருவத்துப் பிள்ளைகளுக்கு உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் இசைவாகச் செய்ய வராது என்றும், அதனால் தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கொடுத்தால் குழாய் வழியாகவும் பிறகு பாலாடையிலும் புகட்டுவோம் என்றும் செவிலியர் விளக்கினார். பகலில் விட்டாலும் இரவில் விடக் கூடாது, பாலைச் சுரக்கச் செய்யும் சுரப்பு இரவில்தான் கூடுதல் என்றும் சொன்னார். எனக்கோ அதிக இரத்தப்போக்கு ஆகியிருந்தது. அப்படிப்பட்டவர்களுக்குப் பால் இறங்கத் தாமதமாவது உண்டாம். எழுந்து உட்கார்ந்தாலே கண் இருட்டிக்கொண்டு வந்தது. இதையெல்லாம் அந்த அம்மா தன் கட்டிலோரத்தில் தரையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை அன்றிரவுதான் அறிந்தேன்.

தோளில் ஒரு கை பட்டது. “எந்திரி கண்ணு, நேரமாச்சு” என்றார். பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிப் பிழிந்த துண்டை மார்பில் ஒற்றி, முதுகுக்குப் பின்னால் தன் தொடையை அணைகொடுத்து என்னைச் சாய்த்துக்கொண்டு, செவிலியர் கொதிநீரில் போட்டுக் கொடுத்திருந்த கிண்ணத்தைத் தாமே பிடித்தார். தறியில் இழை அறுந்தால் முடிந்து முடிந்து காய்த்துப்போன விரல்கள். ஆனால் கிண்ணம் கொஞ்சமும் ஆடவில்லை. வெகுநேரத்துக்குப் பிறகு அதன் அடி நனையுமளவுக்கு மஞ்சள் நிறத்தில் சீம்பால் திரண்டது. இவ்வளவுதானா என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கிண்ணத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “உம் பையன் வயிறு எம்மாத்தம்? அதுக்கு இது தாராளம்” என்றார். பிறகு உள்ளங்கையால் மூடிக்கொண்டு, வராந்தா முழுவதும் நடந்துபோய் அந்தப் பிரிவின் வாசலில் செவிலியர் கையில் கொடுத்துவிட்டு வந்தார். திரும்பி வந்தவர், “வாங்கிக்கிட்டாங்க, பையன் தூங்குறானாம்” என்ற சேதியையும் சொல்லிவிட்டுத்தான் படுத்தார்.

அடுத்த முறை தாமாகவே எழுப்பினார். அதற்கடுத்த முறையும் அப்படித்தான். சொந்த மகள் வலியில் முனகும்போது அவளைத் திருப்பிப் படுக்கவைத்து, பேத்தி அழுதால் தூக்கி ஆற்றி, அதற்கு நடுவில் எனக்கும் விழித்திருந்தார். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று நான் கெஞ்சியபோது, “தறிச் சத்தத்துலயே தூங்கிப் பழகுன உடம்பு கண்ணு, இந்த அமைதியில எனக்கெங்கே தூக்கம் வருது” என்றார். என் மனம் சங்கடப்படக் கூடாது என்பதற்காகச் சொன்ன வார்த்தை அது என்றே இன்றும் நம்புகிறேன். எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டதற்கு, “அம்மாயின்னு கூப்பிடு” என்றார். அம்மாவைப் பெற்ற பாட்டியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்போம். அதனால்தான் அவருடைய பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

நல்லெண்ணத்தோடு ஒரு உறவினர் கழுதைப்பால் வாங்கிக்கொண்டு வந்தபோது அவரை வருத்தாமல் திருப்பி அனுப்பியவரும் அம்மாயிதான். “மருந்து ஓடுற உடம்புல நம்ம வைத்தியம் வேண்டாம் சாமி, டாக்டரம்மா சொல்றதை மட்டும் கேப்போம்” என்றார். பிறந்த பிள்ளைக்குச் சீனித்தண்ணீரும் கழுதைப்பாலும் புகட்டும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் ஒழியவில்லை. குறைமாதப் பிள்ளையின் குடல் எவ்வளவு மென்மையானது என்பதை அருகிலிருந்து பார்த்தவள் என்ற முறையில், அதை விட்டுவிடுங்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குப் போதிய பால் இறங்கும் வரை என் மகனின் பசியை ஆற்றியது, அந்த மருத்துவமனையின் தாய்ப்பால் வங்கி. தம் பிள்ளை குடித்தது போக மிஞ்சியதை யாரோ சில தாய்மார்கள் கொடுத்திருக்கிறார்கள்; அதை 62.5 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் வைத்துக் கிருமி நீக்கி, உறையவைத்து, எங்கள் பிள்ளைகளுக்குத் தருகிறார்கள். என் மகனின் உடம்பில் அந்தத் தாய்மார்களின் பால் ஓடுகிறது. இந்த உறவுக்கு என்ன முறை சொல்லி அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களில் ஒருவர் இதைப் படிக்க நேர்ந்தால், அவன் உங்கள் பிள்ளையும்தான்.

நானும் பால் கொடுக்கவே ஆசைப்படுகிறேன். இரத்தம் ஏற்றிக்கொண்டவள் என்பதால் அதற்கு மருத்துவர்களின் அனுமதி வேண்டும். அவர்கள் சொல்வதுபோல் நடப்பேன். ஆனால் யாருடைய அனுமதியும் தேவைப்படாத ஒன்றை இங்கே எல்லோர் முன்னிலையிலும் சொல்லி வைக்கிறேன். என் மகன் சோறு உண்ணத் தொடங்கி, நான் ஓரிரவு அவனைப் பிரிந்திருக்க முடிகிற நாள் வந்ததும், எங்கள் மலையிலிருந்து தலைப்பிரசவத்துக்கு இறங்குகிற எந்தப் பெண்ணுக்காவது துணைக்கு ஆளில்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நான் வந்து அவள் கட்டிலோரத்தில் படுத்துக்கொள்கிறேன், நேரத்துக்கு எழுப்பிவிடுகிறேன்.

அம்மாயி, உங்கள் மகளைப் பெயர் வெட்டி அனுப்பிய காலையில், நான் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக் கதகதப்பூட்டுவதற்காக அந்தப் பிரிவுக்குள் இருந்தேன். திரும்பி வந்தபோது உங்கள் கட்டிலில் வேறொரு பெண் படுத்திருந்தாள். என் தலைமாட்டில் உங்கள் பிளாஸ்க் இருந்தது, வெந்நீரோடு.

இளம்பிள்ளைச் சுற்றுவட்டாரத்தில் இதைப் படிப்பவர்கள் அவரை அடையாளம் கண்டால் தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள்: பையன் இப்போது நேரடியாகவே பால் குடிக்கிறான், எடை இரண்டரைக் கிலோவைத் தாண்டிவிட்டது. அவனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயர் சொல்லித் தொட்டிலில் போட அம்மாயிதான் வர வேண்டும் என்று என் மாமியார் உறுதியாக இருக்கிறார். எந்தக் கிழமை தோதுப்படும் என்று தகவல் தெரிவித்தால் போதும். என் கணவர் வீட்டுக்கே வந்து அவரையும் மகளையும் பேத்தியையும் அழைத்து வருவார்.