ஆலோசகரை முதலாளி மட்டும் தேர்ந்தெடுத்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் இப்போது ஹோட்டல், தொண்டு நிறுவனம், கூட்டுறவுச் சங்கம் என்று எங்கே ஊழியர்களுக்குள் முறுகல் வந்தாலும் உடனே வெளியிலிருந்து ஓர் ஆலோசகரைக் கூப்பிட்டு ஒருநாள் செயலமர்வு வைத்துவிடுகிறார்கள். நானும் அந்த ஆலோசகர் வேலைதான் செய்கிறேன். என் பிழைப்பிலேயே மண் அள்ளிப் போடுகிறேன் என்று யாரும் நினைத்தாலும் பரவாயில்லை, அந்த ஒருநாள் கூத்தால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. வட்டமாக நின்று பந்து எறிவார்கள், தேநீரும் பற்றிஸும் வரும், குழுப் படம் பேஸ்புக்கில் ஏறும். திங்கட்கிழமை பழையபடி சமையலறைக்காரர் வரவேற்பு மேசைக்காரரோடு பேசமாட்டார்.

சண்டையின் வேர் அநேகமாக டியூட்டி லிஸ்டில் இருக்கும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சீசன் என்றால் மே முதல் செப்டெம்பர் வரை, ஆள் போதாமல் திண்டாடுவதும் அப்போதுதான். வெசாக், ஆடி மாதக் கோயில் திருவிழாக்கள், ஆண்டுக்கு 11 நாள் போல முன்னுக்கு வந்துகொண்டிருக்கும் ஹஜ்ஜுப் பெருநாள் எல்லாம் இந்த வருடங்களில் அதற்குள்தான் விழுகின்றன. யாருக்கு லீவு, யாருக்கு இல்லை என்பதை ஒரு சூப்பர்வைசர் வாயால் சொல்லி முடிக்கிறார், எழுத்தில் ஒன்றும் கிடையாது. மூன்று சமூகத்து ஆட்களும் ஒன்றாக வேலை செய்யும் இடம், லீவு கிடைக்காதவருக்கு அது தன் இனத்துக்கு விழுந்த அடியாகத்தானே தெரியும்? அப்புறம் மனேஜர் எங்களிடம் வந்து, "இங்க இனப் பிரச்சினை சேர், நல்லிணக்கம் பற்றி ஒரு வகுப்பு எடுங்கோ" என்கிறார். லீவு முறையை ஜனவரியிலேயே தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டி, போன வருடம் விட்டுக்கொடுத்தவருக்கு இந்த வருடம் முதலிடம் என்று வைத்தால் அந்த வகுப்பே தேவைப்படாமல் போகலாம்.

சரி, ஆலோசகர் தேவைதான் என்று வைத்துக்கொள்வோம். அவரை யார் தேர்ந்தெடுப்பது? 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த, ஊர்ச் சிறு பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைகளில், பிணக்கோடு வரும் இரு தரப்பும் ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்ய, அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தலைவராக எடுப்பார்கள். தீர்ப்புச் சொல்வதில்லை. இணங்கினால் நல்லது, இல்லாவிட்டால் இணங்கவில்லை என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வேலிச் சண்டைக்கே இவ்வளவு கவனம். நிறுவனங்களிலோ மனேஜர் தனக்குத் தெரிந்தவரைக் கூப்பிடுகிறார், அறிக்கையும் அவர் மேசைக்கே போகிறது. அவரே சண்டையில் ஒரு தரப்பாக இருக்கும்போது ஊழியர் எப்படி வாய் திறப்பார்? காசை நிறுவனம் கட்டட்டும், அதில் தவறில்லை. ஆளை இரு தரப்பும் சேர்ந்து தேர்ந்தெடுக்கட்டும், அறிக்கையின் பிரதியும் இருவருக்கும் கிடைக்கட்டும்.

இன்னொன்று, எல்லாவற்றையும் முரண்பாடு என்று பெயர் வைத்து எங்கள் தலையில் கட்டவும் கூடாது. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம் என்பது சட்டம். சம்பளத்தில் வெட்டிவிட்டு நிதிக்கு அனுப்பாத இடத்தில் இருவரையும் உட்காரவைத்து விட்டுக்கொடுப்புப் பேச நாங்கள் யார்? அது தொழில் திணைக்களத்தில் முறையிடவேண்டிய விஷயம். பாலியல் தொந்தரவும் அப்படித்தான். 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி அது குற்றம், அந்தப் பெண்ணையும் மேலதிகாரியையும் ஒரே மேசையில் வைத்துச் சமாதானம் பேசுவது அநியாயம்.

எங்களைக் கூப்பிடுகிறவர்களிடம் கேட்பது இதுதான்: மண்டபம் புக் பண்ணும் முன் ஊழியர்கள் ஒவ்வொருவரோடும் தனியே பேச நேரம் தாருங்கள், அந்த அறையில் மனேஜர் இருக்கக்கூடாது. யார் எதைச் சொன்னார் என்று அறிக்கையில் எழுதமாட்டோம், பிறகு கேட்டாலும் சொல்லமாட்டோம். இதற்குச் சம்மதமில்லாத இடங்களுக்கு நான் போவதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருகோணமலை