செயலாளர் ஆண்டறிக்கை: கோரைக்குள் ஒரு குரல்

தலைவர் அவர்களுக்கும் குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, கோலப்போட்டி, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு மூன்றும் குறைவின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் பேச நினைப்பது நம் பறவை நோக்கும் குழுவைப் பற்றி, அதிலும் ஒரே ஒரு பறவையைப் பற்றி.

நாம் இருக்கும் தில்லி மயூர் விகாரிலிருந்து ஓக்லா பறவைகள் சரணாலயம் பக்கம்தான். குளிர்காலத்தில் வாத்து பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தோம். அவை வடக்கே கிளம்பிய பிறகு, சம்பங்கோரைக்குள்ளிருந்து "கர்ர கர்ர கரீட் கரீட்" என்று விடாமல் ஒரு சத்தம். தவளை என்றே சிலர் சாதித்தார்கள். மூன்று ஞாயிறு காதால் மட்டுமே கேட்டோம். நான்காவது ஞாயிறு காலை, ஒரு காலால் ஒரு தண்டையும் மறு காலால் பக்கத்துத் தண்டையும் பற்றியபடி அது மேலே ஏறி வந்தது. உச்சந்தலை மயிர் சிலிர்க்க, தொண்டை உப்பிப் பாடியது. நாணல் கதிர்க்குருவி. பழுப்பு முதுகு, வெளிறிய வயிறு, கண்ணுக்கு மேல் மங்கலாக ஒரு கோடு, அவ்வளவுதான். 18 முதல் 20 செ.மீ. நீளமுள்ள உடம்புக்குள் அத்தனை பெரிய தொண்டை! பைனாகுலரை யாரும் அடுத்தவருக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

பூச்சிகள்தான் அதன் உணவு. தண்ணீருக்கு மேலே, நாலைந்து தண்டுகளைச் சேர்த்துப் பின்னி, ஆழமான கிண்ணம்போலக் கூடு கட்டும். காற்றில் தண்டு சாய்ந்தாலும் முட்டை உருளாது. கூட்டைத் தேடிக் கோரைக்குள் யாரும் இறங்கக் கூடாது என்று குழு முடிவெடுத்தது. படம் எடுக்கும் தம்பிகளும் அதை மதித்தார்கள், அவர்களுக்கு என் நன்றி.

ஊரில் நம் கொல்லைச் செடிகளுக்குள் குளிர்காலத்தில் "செக், செக்" என்பது இதன் சிறிய உறவு, பிளித் நாணல் கதிர்க்குருவி. எட்வர்டு பிளித் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் 1849-ல் பெயரிட்டு விவரித்த பறவை. ரஷ்யப் பக்கத்திலிருந்தெல்லாம் பறந்து வருவது. அம்மா வீட்டுக் கிணற்றடியில் கேட்டது இதுதானா என்று ஒரு மாமி கண்கலங்கியதை மறக்க முடியாது.

ஒரு வருத்தம். நம் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள குட்டையில் வளர்ந்த கோரையை மே மாதத்தில், கூடு கட்டும் நேரத்தில், அடியோடு வெட்டிவிட்டார்கள். மறுவாரம் அங்கே சத்தமே இல்லை. மழை முடிந்தபின் பகுதி பகுதியாக வெட்டுங்கள் என்று மனு கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. இந்தக் கூட்டத்தில் எல்லோரும் கையெழுத்திட்டால் மறுபடி கொடுப்பேன். தாள் வாசலில், காபி மேசைமேல் இருக்கிறது.