பன்ச்சிங் பேக்கைக் கழற்றுங்கள், ஐந்து நிமிடம் கொடுங்கள்

எச்.ஆர். குழுவினருக்கு,

நம் கால் சென்டரின் மூன்றாம் மாடியில் காபி மெஷினுக்குப் பக்கத்தில் போன மாதம் நீங்கள் மாட்டிய சிவப்புப் பன்ச்சிங் பேக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன். 'கோபத்தை இங்கே இறக்கி வையுங்கள்' என்று போர்டு வேறு. நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பீர்கள், ஆனால் மூன்றே நாளில் யாரோ எங்கள் டீம் லீடர் படத்தை பிரிண்ட் எடுத்து அதில் ஒட்டிவிட்டார்கள், பார்த்து எல்லோரும் சிரித்தோம் (நானும்தான்). அப்புறம் ஒரு ராத்திரி, இருபது நிமிடம் ஒரு வாடிக்கையாளரிடம் கெட்ட வார்த்தையில் வாங்கிக்கட்டிக்கொண்ட பக்கத்து சீட் தம்பி நேரே போய் அதைக் குத்து குத்தென்று குத்தினான். திரும்பி வந்து ஹெட்செட்டை மாட்டியவன், பில் தேதி கேட்ட ஒரு வயதான அம்மாவிடம் எரிந்து விழுந்தான். மெமோ வந்தது, அவனுக்கு மட்டும்.

2002-இல் பிராட் புஷ்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் கிட்டத்தட்ட இதையேதான் சோதித்தார். மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொல்லி, படு மோசம் என்று திட்டவைத்து, திட்டியவரை நினைத்துக்கொண்டே சிலரைப் பன்ச்சிங் பேக்கைக் குத்தச் சொன்னார். சிலரைச் சும்மா உட்காரவைத்தார். பிறகு திட்டியவர் காதில் இரைச்சல் பாய்ச்ச வாய்ப்புக் கொடுத்தபோது, குத்தியவர்கள்தான் அதிகம் பாய்ச்சினார்கள். சும்மா இருந்தவர்கள் குறைவாக.

கோபம் குக்கர் ஆவி இல்லை, விசில் விட்டதும் அடங்க. கோபத்தில் ஏற்கெனவே நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது. குத்தும்போது அது இன்னும் ஏறுகிறது, போதாததற்குத் திட்டியவன் முகமும் கண்முன்னே நிற்கிறது. 154 ஆய்வுகளைத் தொகுத்து 2024-இல் வந்த அலசலிலும் மூச்சுப் பயிற்சி, தியானம், தசைகளைத் தளர்த்துவது போல உடம்பைத் தணிக்கிறவைதான் கோபத்தைக் குறைத்தன, ஓட்டப்பயிற்சிகூட உதவவில்லை. உடம்புக்கு ஓடலாம், அது வேறு கணக்கு.

எங்களுக்கு அந்தத் தணிகிற நேரம்தான் இல்லை. ஒரு போன் கால் முடிந்த சில நொடிகளில் அடுத்தது பீப் அடிக்கிறது, தண்ணீர் குடிக்க எழுந்தால் பிரேக் கணக்கில் கழிகிறது. கோபத்தை அடக்கு என்கிறீர்கள், சரி, எந்த நேரத்தில்?

அந்தப் பேக்கை ஜிம்முக்கு அனுப்பிவிடுங்கள். திட்டு வாங்கிய போன் காலுக்குப் பிறகு ஐந்து நிமிடம் லாக்-அவுட் செய்ய ஒரு பட்டன் கொடுங்கள், அதை ரேட்டிங்கில் சேர்க்காதீர்கள். தம்பியின் மெமோவையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

— நைட் ஷிப்டிலிருந்து ஒருத்தி