சாருக்குத் துணையா நின்ன எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட பதினாறாம் நாள் காரியம் நல்லபடியா முடிஞ்சுது. ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி நன்றி சொல்லலாம்னுதான் ஆரம்பிச்சேன், நாலாவது கால்லயே குரல் போயிடுச்சு, அதான் எழுதுறேன்.

நாகர்கோவில்ல டியூஷன் எடுத்த கணக்கு சாராத்தான் உங்கள்ல பல பேருக்கு அவரத் தெரியும். 1969-ல எத்தியோப்பியாவுக்குப் போனவரு, ஜிம்மாவுல வாத்தியார் வேலை. 1974 செப்டம்பர்ல பேரரசர் ஹைலே செலாசிய இறக்கி ஒரு ஃபோக்ஸ்வாகன் கார்ல ஏத்திட்டுப் போன கதையக் கேக்காம எந்த டியூஷன் பேட்ச்சும் தப்பிச்சிருக்காது. "அவங்க காலண்டர்ல அது 1967டா, புதுவருஷம் பிறந்து ரெண்டாம் நாள்"னு வேற சொல்லுவாரு. அப்புறம் ஜாம்பியா, கிட்வேயில பதினோரு வருஷம்.

கடைசி ஒரு வருஷம் ஞாபகம் தடுமாற ஆரம்பிச்சுது. காலையில ஏழு மணிக்கு எந்திரிச்சு "மணி ஒண்ணாச்சு, ஸ்கூலுக்கு நேரமாகுது"ம்பாரு. நாங்க எல்லாரும் குழப்பம்னே முடிவு பண்ணிட்டோம், நான் உட்பட, அதுக்கு இப்பவும் எனக்கு வெக்கமா இருக்கு. பக்கத்து வீட்டு பிளஸ் டூ பையன் மட்டும்தான் பக்கத்துல உக்காந்து "எப்படி சார் ஒண்ணு?"ன்னு கேட்டான். அப்பா காலண்டர் தாளக் கிழிச்சு வட்டம் போட்டுக் காட்டுனாரு: எத்தியோப்பியாவுல மணிய சூரியன் உதிக்கறதுலேர்ந்து எண்ணுவாங்க, நம்ம நாழிகை மாதிரி, சின்ன முள்ளுக்கு நேர் எதிர்ல உள்ள நம்பரப் படிச்சா அதான் அவங்க மணி. அந்தத் தம்பி மறுநாளே பழைய சுவர்க்கடிகாரம் ஒண்ணக் கொண்டுவந்து ஆறு மணி நேரம் தள்ளி வச்சு கட்டிலுக்கு எதிர்ல மாட்டிட்டான்.

ஹோம் நர்ஸ் சிஸ்டர், நீங்க அன்னையிலேர்ந்து ஒம்பது மணி மாத்திரைய "சார், மூணு மணி மாத்திரை"ன்னு சொல்லிக் குடுத்தீங்க. அதுக்கப்புறம் ஒரு நாளும் அவரு துப்பல.

சாயங்காலம் ஆட்டோல சும்மா ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போயி காசு வாங்க மறுத்த அண்ணனுக்கு, ஞாயித்துக்கிழமை தவறாம வாட்ஸ்அப்ல கூப்பிட்ட கிட்வே ஸ்டூடண்ட்ஸுக்கு (அவங்களுக்கு அவங்க பெம்பா பாஷையிலயே நாதோதேலா, அதாவது நன்றி), சாவு வீட்டுக்கு விடிய விடிய கட்டன் காப்பி போட்டுக் குடுத்த எதிர்வீட்டு அத்தைக்கு, எல்லாருக்கும் எங்க அம்மாவும் நானும் கைகூப்பிச் சொல்றோம். அத்தை, ஜிம்மா காப்பி ஊரு, விருந்தாளிக்கு மூணு தடவை ஊத்தணுமாம். நீங்க அதையும் தாண்டிட்டீங்க.

தம்பி, அந்தக் கடிகாரத்த நாங்க கழட்டல. அப்பா போனப்ப ராத்திரி பத்தரை, அதுல நாலரை. நேத்துலேர்ந்து கொஞ்சம் மெதுவா ஓடுது, வரும்போது ஒரு பேட்டரி வாங்கிட்டு வா.